மில்க்வீட் விதையிலேர்ந்து வளர்க்கணும், விதைய ஃபிரிட்ஜ்ல வைக்கணுமா?

செங்காங் வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் சிங்கப்பூர்ல செங்காங்ல இருக்கேன். எங்க பிளாக் கீழ ஆர்சி (குடியிருப்பாளர் குழு) தோட்டம் இருக்கு, அதுல ஒரு ஓரத்த வண்ணத்துப்பூச்சிக்குன்னு எங்களுக்கு ஒதுக்கித் தந்திருக்காங்க. சின்ன இடம்தான், ஆனா காலைல இருந்து மத்தியானம் வரைக்கும் நல்ல வெயில், மண்ணும் பரவாயில்ல.

நர்சரில இருந்து மில்க்வீட் செடி, அந்தச் சிவப்பும் மஞ்சளுமா கொத்துக்கொத்தா பூக்குமே அதான், வாங்கி வச்சோம். ஆரஞ்சு கலர் வண்ணத்துப்பூச்சி வந்து முட்டை போட்டுச்சு, முட்டை பொரிஞ்சு புழுவும் வந்துச்சு, பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்ததும் பையக் கூட கழட்டாம நேரா அங்கதான் ஓடுவாங்க. ஆனா கொஞ்ச நாள்லயே புழு எல்லாம் இலைய திங்காம அப்படியே சுருண்டு, பச்சையா எதையோ கக்கிட்டு கீழ விழுந்து செத்துருச்சு. ஒண்ணு கூட மிஞ்சல. செடி மட்டும் கொழுகொழுன்னு நல்லா இருக்கு. எந்த நர்சரின்னு இங்க போட விரும்பல.

அதனால இனிமே விதையிலேர்ந்துதான் வளர்க்கணும்னு முடிவு பண்ணிட்டோம். என் நாத்தனார் நியூஜெர்சில இருக்காங்க, அவங்க வீட்டு பின்பக்கம் மோனார்க் வண்ணத்துப்பூச்சிக்காக அந்த ஊர் மில்க்வீட் நிறைய வச்சிருக்காங்க, விதை அனுப்பட்டுமான்னு கேக்குறாங்க. ஈர டிஷ்யூல சுத்தி ஜிப்லாக் பையில போட்டு ஒரு மாசம் ஃபிரிட்ஜ்ல வைக்கணுமாம், அப்பதான் முளைக்குமாம். இது இங்கயும் அப்படித்தானா? நம்ம வெயிலுக்கு அந்தச் செடி தாங்குமா? இல்ல இங்க வேற செடி இருக்கா? விதை போடுறது தொட்டியிலயா நேரா மண்ணுலயா? மழை வேற அடிச்சு ஊத்துது. தெரிஞ்சவங்க விளக்கமா சொன்னா ரொம்ப உதவியா இருக்கும்.

---

மண்வாசம் ஏஎம்கே எழுதியது:

வணக்கம்மா. நாத்தனார் சொல்றது அவங்க ஊருக்கு ரொம்பச் சரி, அத அப்படியே இங்க தூக்கிட்டு வந்தாத்தான் சிக்கல். நான் ஆங் மோ கியோ பக்கம் ஒரு சமூகத் தோட்டத்துல பல வருஷமா வண்ணத்துப்பூச்சிச் செடிங்களப் பார்த்துக்கிறேன், என் அனுபவத்துல இருந்து சொல்றேன்.

உங்க செடில முட்டை போட்டது மோனார்க் இல்லம்மா, பிளெயின் டைகர், தமிழ்ல வெந்தய வரியன்னு சொல்வாங்க. ரெண்டும் சொந்தக்காரங்கதான், ரெண்டும் ஆரஞ்சுதான், ஆனா புழுவப் பார்த்தா வித்தியாசம் தெரிஞ்சிரும். மோனார்க் புழுவுக்கு தலைப்பக்கம் ஒரு ஜோடி வால்பக்கம் ஒரு ஜோடின்னு ரெண்டு ஜோடி கறுப்பு முடி மாதிரி நீட்டிட்டு இருக்கும், நம்ம வெந்தய வரியனுக்கு நடு முதுகுல இன்னொரு ஜோடியும் சேர்த்து மூணு ஜோடி. அடுத்த தடவ பிள்ளைங்கள எண்ணிப் பார்க்கச் சொல்லுங்க.

இந்தப் புழுவுக்கு அமெரிக்கச் செடிதான் வேணும்னு இல்ல. அதுக்கு ஊர்ல நாம பார்த்து வளர்ந்த எருக்கு போதும். ஆமா, விநாயகருக்கு மாலை கட்டுற அதே எருக்குதான். இந்தியாவுல இருந்து தென்கிழக்கு ஆசியா வரைக்கும் இந்தப் பக்கத்துச் செடி, நம்ம வெயில், நம்ம மழை ரெண்டுக்கும் பழகினது. நீங்க நர்சரில வாங்கின சிவப்பு மஞ்சள் பூச்செடி வேற, அத பிளட் ஃபிளவர்னு சொல்வாங்க, அதோட பூர்வீகம் மெக்சிகோ, தென் அமெரிக்கா பக்கம். வெந்தய வரியன் அதையும் நல்லாவே சாப்பிடும், இங்க நிறைய வண்ணத்துப்பூச்சித் தோட்டத்துல அதத்தான் வச்சிருக்காங்க. என்னக் கேட்டா முக்காவாசி எருக்கு, கால்வாசி பிளட் ஃபிளவர் வைங்கன்னு சொல்வேன். எருக்கு இலை ஒண்ணொண்ணும் கை அகலத்துக்கு மேல இருக்கும், தடியா இருக்கும், ஒரு இலையில ஒரு புழு நாள்கணக்குல உக்காந்து சாப்பிடலாம். பிளட் ஃபிளவர் இலை ஒடிசல், நாலஞ்சு புழு பெருசாச்சுன்னா செடி வெறும் குச்சிதான்.

ரெண்டு விதைக்கும் ஃபிரிட்ஜ் வேண்டாம். நேரா போட்டா முளைக்கும்.

விதை எடுக்கிறது எப்படின்னா, எருக்கங்காய் பச்சையா வளைஞ்சு உப்பிக்கிட்டு வரும், முத்தினதும் ஒரு பக்கம் கோடு போட்ட மாதிரி பிளக்கும். பிளந்து பஞ்சு பறக்க ஆரம்பிச்சா விதை எல்லாம் அடுத்த பிளாக்குக்கு போயிரும், அதனால காய் மஞ்சளாகி கோடு லேசா விடும்போதே மெல்லிய வலைப்பை, கல்யாண வீட்டுல பரிசுப்பொருள் போட்டுத் தருவாங்களே அந்தப் பை, அத மாட்டிக் கட்டிருங்க. பிளட் ஃபிளவர் காய் சின்னது, ஊசி மாதிரி மேல பார்த்து நிக்கும், அதுக்கு ஒரு ரப்பர் பேண்ட் போதும். உள்ள விதை மீன் செதில் அடுக்கின மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு படுத்திருக்கும், பழுப்பா தட்டையா. பச்சையா வெள்ளையா இருந்தா இன்னும் முத்தல, அத எடுக்காதீங்க. பஞ்ச இப்படி விரலால பிடிச்சு, நுனியில இருக்கிற விதைய மட்டும் உருவி எடுத்திரலாம், பஞ்சு விரிஞ்சிட்டா அப்புறம் மூக்குலயும் வாயிலயும்தான்.

எருக்கு விதைய எடுத்தோமா போட்டோமான்னு இருக்கணும், வருஷக்கணக்கா வச்சிருந்தா முளைப்பு குறைஞ்சிட்டே போகும். ராத்திரி தண்ணில ஊறப் போட்டுட்டு காலைல விதைச்சிருங்க.

தொட்டியா மண்ணான்னு கேட்டீங்க. முதல்ல கப்புல, அப்புறம் மண்ணுல. நேரா மண்ணுல போட்டா நம்மூரு மழை ஒரே அடில விதைய அடிச்சிட்டுப் போயிரும், மிச்சத்த நத்தை தின்னுரும். நான் டாபாவ், அதாவது பார்சல், வாங்குற உயரமான பிளாஸ்டிக் கப்பு, கோப்பி பேக்கெட் இதெல்லாம் தூக்கிப் போடாம வச்சிருப்பேன், அடில நாலஞ்சு ஓட்டை. ஆழமா இருக்கணும், ஏன்னா எருக்குக்கு ஆணிவேர், மேல ரெண்டு இலை தெரியும்போதே கீழ வேர் கடகடன்னு இறங்கியிருக்கும். ஆழமில்லாத ட்ரேல போட்டா வேர் அடில முட்டி சுருண்டுக்கும். மண்ணுக்கு கோகோபீட்டும் (தென்னை நார்த்தூள்) பெர்லைட்டும் (லேசான வெள்ளைக் கல் துகள்) பாதிக்குப் பாதி, உரம் எதுவும் வேண்டாம். விதைய படுக்க வச்சு விதையோட தடிமன் ரெண்டு மடங்குக்கு மட்டும் மூடுங்க. வெளிச்சம் படுற, மழை படாத இடம். ஒரு வாரம் பத்து நாள்ல முளைச்சு வரும்.

முளைச்சதுக்கு அப்புறம்தான் இங்க ஆபத்தே. நேத்து நல்லா நின்ன நாத்து இன்னைக்கு காலைல மண்ணுக்கு மேல இடுப்பு ஒடிஞ்ச மாதிரி சாஞ்சு கிடக்கும், தொட்டா தண்டு நூலாட்டம் இருக்கும். அது நாத்தழுகல், பூஞ்சைதான். நம்ம ஊர் காத்துல இருக்கிற ஈரத்துக்கு மேல நாமளும் தண்ணி ஊத்தினா வரத்தான் செய்யும். மேல் மண்ணு காஞ்ச பிறகு கப்ப ஒரு தட்டுத் தண்ணில வச்சு அடில இருந்து உறிஞ்ச விட்டுட்டு உடனே எடுத்திருங்க. தட்டுல தண்ணிய விட்டு வைக்கவே கூடாது, டெங்கி கொசு, தேசிய சுற்றுப்புற வாரியத்துல இருந்து வந்தா அபராதம் வேற.

---

வடக்குக்காத்து எழுதியது:

நான் பிறந்து வளர்ந்தது உட்லண்ட்ஸ், இப்ப வேலைக்காக அமெரிக்காவுல கிழக்குக் கரைப் பக்கம் இருக்கேன், இங்க மூணு வகை மில்க்வீட் வளர்க்கிறேன், அதனால ஃபிரிட்ஜ் விஷயத்துக்கு நான் பதில் சொல்றேன் அக்கா.

இங்க இந்தச் செடி காய் வெடிக்கிறது இலையுதிர் காலத்துல. அப்பவே விதை முளைச்சா அடுத்த மாசம் விழுற பனில நாத்து செத்துரும். அதனால விதைக்குள்ளயே ஒரு பூட்டு இருக்கு, ஈரமும் குளிரும் சேர்ந்து பல வாரம் பட்டாத்தான் அந்தப் பூட்டு திறக்கும், அதாவது குளிர்காலம் முடிஞ்சிருச்சுன்னு விதைக்கு தெரியணும். காமன் மில்க்வீட், ஸ்வாம்ப் மில்க்வீட், பட்டர்ஃபிளை வீட் மூணுக்கும் இதான் கதை. நாங்க பாதிப் பேரு ஃபிரிட்ஜ்ல வைப்போம், மீதிப் பேரு நவம்பர்லயே வெளிய மண்ணுல தூவிட்டு பனிகிட்டயே விட்டுருவாங்க. வெறும் குளிர் பத்தாது, காஞ்ச விதைய பாக்கெட்டோட ஃபிரிட்ஜ்ல வச்சா ஒண்ணும் நடக்காது, ஈரம் கட்டாயம்.

சிங்கப்பூர்ல ஃபிரிட்ஜ்ல வச்சு முளைக்க வைக்கவும் முடியும், ஆனா முளைக்கிறது மட்டும் போதாதே. இந்தச் செடிங்க வருஷா வருஷம் தரைக்கு மேல காஞ்சு, வேர் மட்டும் குளிர்ல தூங்கி, வசந்தத்துல மறுபடி கிளம்புற செடி. இருபது டிகிரிக்கு கீழ ராத்திரி கூட பெரும்பாலும் இறங்காத ஊர்ல அந்தத் தூக்கம் அதுக்கு எங்க கிடைக்கும்? பாவம் செடியும் கஷ்டப்படும், நீங்களும் கஷ்டப்படுவீங்க.

இன்னொண்ணு. நாத்தனார் ஏன் அந்த ஊர்ச் செடியே வேணும்னு பிடிவாதமா இருக்காங்கன்னா அதுக்கு காரணம் இருக்கு. மோனார்க் இலையுதிர் காலத்துல இங்க இருந்து கிளம்பி மெக்சிகோ மலைக்காடு வரைக்கும் பறந்து போய் குளிர்காலத்த அங்க கழிக்கும். உங்ககிட்ட இருக்கிற அந்த பிளட் ஃபிளவர் டெக்சாஸ், ஃபுளோரிடா மாதிரி பனி குறைஞ்ச இடத்துல வருஷம் பூரா பச்சையாவே நிக்குது, அதனால கொஞ்சம் மோனார்க் பயணம் போகாம அங்கயே தங்கி முட்டை போடுது. ஓஇன்னு ஒரு ஒட்டுண்ணி, கண்ணுக்குத் தெரியாத துகள், வண்ணத்துப்பூச்சி உடம்புல இருந்து இலைல உதிரும், அந்த இலைய தின்ன புழுவுக்கு தொற்று கடுமையா இருந்தா, வண்ணத்துப்பூச்சியா கூட்ட விட்டு வெளிய வரும்போது இறக்கை சுருங்கிப் போய் பறக்கவே முடியாது. உள்ளூர்ச் செடி குளிர்ல காஞ்சு போறதால அந்தத் துகளும் இலையோட போயிரும், பிளட் ஃபிளவர் காயாததால சேர்ந்துக்கிட்டே போகும். அதனாலதான் அங்க உள்ளவங்கள குளிர்காலத்துக்கு முன்னாடி அத அடியோட வெட்டச் சொல்றாங்க. 2024 டிசம்பர்ல மோனார்க்க அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமா சட்டப் பட்டியல்ல சேர்க்கணும்னு இங்க அரசாங்கமே முன்மொழிஞ்சுச்சு, அவ்வளவு குறைஞ்சு போச்சு. இங்க அவங்க கவலை நியாயம். சிங்கப்பூர்ல மோனார்க் பயணமே கிடையாது, அதனால அந்தக் கவலைய அப்படியே அங்க போட்டுப் பார்க்க வேண்டியதில்ல.

விதைய தபால்ல அனுப்புறது வேண்டாம் அக்கா. வெளிநாட்டுல இருந்து செடி, விதை கொண்டு வர்றதுக்கு தேசியப் பூங்காக் கழகத்துக்கு விதிமுறை இருக்கு, அத மீறி கவர்ல போட்டு வர வைக்கக் கூடாது. உள்ளூர்லயே விதை இருக்கும்போது எதுக்கு?

---

செங்காங் வாசி எழுதியது:

ரொம்ப ரொம்ப நன்றி. மூணு ஜோடி கொம்பு விஷயம் மகள்கிட்ட சொன்னேன், போன்ல எடுத்த பழைய போட்டோவ பெருசாக்கி எண்ணிப் பார்த்துட்டா, மூணுதான்!

நாத்தனாருக்கும் மெசேஜ் போட்டுட்டேன், அவங்களும் ஒத்துக்கிட்டாங்க. இப்ப எனக்கு ரெண்டு கேள்வி. புழு ஏன் செத்துச்சு, விதையிலேர்ந்து வளர்த்தா அது நடக்காதா? அப்புறம் எருக்கு விதை எங்க கிடைக்கும், தேக்கா சந்தைல பூ மாலைதான் விக்கிறாங்க, காய் கிடைக்கிற மாதிரி தெரியல.

---

பால்கனிக்காரன் ஜூரோங் எழுதியது:

அக்கா நீங்க சொல்ற மாதிரி பச்சையா கக்கி சுருண்டு விழுந்துச்சுன்னா அது அநேகமா பூச்சிமருந்துதான். செடி கொழுகொழுன்னு நல்லா இருக்குன்னு சொல்றீங்க பாருங்க, மில்க்வீட்ல அசுவினி, அதாவது சாறு உறிஞ்சுற குட்டிப் பூச்சி, இல்லன்னாத்தான் நான் சந்தேகப்படுவேன். விக்கிறதுக்கு வளர்க்கும்போது இமிடாகுளோபிரிட் மாதிரி மருந்த மண்ணுல ஊத்துவாங்க, அது வேர் வழியா ஏறி இலை, பால், பூ எல்லாத்துலயும் போய் உக்காந்துக்கும். மேல தெளிச்ச மருந்துன்னா கழுவலாம், இது உள்ள இருக்கு, கழுவினா போகாது, மாசக்கணக்கா இருக்கும். ரோஜாவுக்கு அது சரி, புழு திங்கணும்னு வாங்குற செடிக்கு அது விஷம். விக்கிறவங்களுக்கு நாம எதுக்கு வாங்குறோம்னு தெரியாது, அழகான செடி கேக்குறாங்கன்னு அழகா வளர்த்துத் தர்றாங்க.

அதனாலதான் விதையிலேர்ந்து வளர்க்கணும்னு நீங்க எடுத்த முடிவு ரொம்ப நல்ல முடிவு. விதைச்ச நாள்ல இருந்து அந்தச் செடிக்கு என்ன ஊத்தினோம்னு நமக்குத் தெரியும்ல. பழைய செடிய தூக்கிப் போட வேண்டாம், தனியா எடுத்து வலை போட்டு மூடி வச்சு, அடிக்கு நாலு விரல் மேல வெட்டி விட்டு, புதுசா தழைக்கிற இலையையும் ஒரு தடவ வெட்டிட்டு அப்புறம் பாருங்க, அதுக்குள்ள உங்க நாத்து பெருசாயிரும்.

அசுவினி வரும், கட்டாயம் வரும். பளிச்சுன்னு மஞ்சள் கலர்ல, குட்டிக் கறுப்புக் காலோட, நுனித் தண்டுல கடுகு ஒட்டி வச்ச மாதிரி மொய்க்கும், அரளிலயும் இதே அசுவினிதான் வரும். பயந்துறாதீங்க. ஸ்ப்ரே பாட்டில்ல வெறும் தண்ணி வச்சு பீச்சியடிச்சா விழுந்துரும், ஆனா அடிக்கிறதுக்கு முன்னாடி இலைக்கு அடில முட்டை இருக்கான்னு பாருங்க. முட்டை ஒவ்வொண்ணா தனித்தனியாத்தான் இருக்கும், ஊசி முனை அளவு, வெள்ளையா, உத்துப் பார்த்தா மேல இருந்து கீழ வரி வரியா இருக்கும். பொறிவண்டு வந்துச்சுன்னா விட்டுருங்க, அதுவே அசுவினிய காலி பண்ணிரும். வேப்பெண்ணெய் அடிக்கலாமான்னு நிறைய பேரு கேக்குறாங்க, இயற்கைதானேன்னு. புழுவுக்கும் அது ஆகாது, வண்ணத்துப்பூச்சிச் செடில அடிக்கவே கூடாது.

இன்னொரு முக்கியமான விஷயம், உங்களது ஆர்சி தோட்டம்ங்கிறதால சொல்றேன். பக்கத்துப் பாத்தில கைலான், சாய்சிம் போட்டிருக்கிற அங்கிள் ஆன்ட்டிங்க கீரைப்புழுவுக்கு பி.டி. (Bt)ன்னு ஒரு பாக்டீரியா மருந்து அடிப்பாங்க. அதுல ரெண்டு வகை இருக்கு. குர்ஸ்டாகி வகை புழுவுக்குன்னே உள்ளது, காத்துல அடிச்சு உங்க செடில பட்டா வெந்தய வரியன் புழுவும் சாகும். இஸ்ரேலென்சிஸ் வகை கொசுப்புழுவுக்கு, அதனால நம்ம புழுவுக்கு ஒண்ணும் ஆகாது. அவங்ககிட்ட சண்டை போடாம முன்கூட்டியே பேசி வைங்க, காத்து இல்லாத நேரம் அடிக்கச் சொல்லுங்க, இல்ல நடுவுல ஒரு வரிசை உயரமா ஏதாவது நட்டு மறைங்க. கொசுவுக்குப் புகை அடிக்கிற நாள் நோட்டீஸ் போடுவாங்க, அன்னைக்கு புழு இருக்கிற கிளைய வெட்டி தண்ணி பாட்டில்ல சொருகி வீட்டுக்குள்ள கொண்டு வந்திருங்க, பாட்டில் வாய டிஷ்யூ வச்சு அடைச்சிருங்க, இல்லன்னா புழு இறங்கி தண்ணில விழுந்துரும்.

என்னோடது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடு, ஏழாவது மாடி, பால்கனில ரெண்டே ரெண்டு தொட்டி, அதுக்கே வருது. காரிடார்ல வைக்கிறவங்க மட்டும் நடக்கிற வழி 1.2 மீட்டர் காலியா விட்டு வைங்க, தீயணைப்பு விதி அது, சுவர் மேல தொட்டி வைக்கவே கூடாது.

---

உட்லண்ட்ஸ் டீச்சர் எழுதியது:

எல்லாரும் அருமையா எழுதியிருக்கீங்க. பிள்ளைங்க கை வைக்கிற தோட்டம்ங்கிறதால ஒண்ண அழுத்திச் சொல்லணும். எருக்கம்பால் கண்ணுல படக் கூடாது. பட்ட உடனே பெருசா வலிக்காம கூட இருக்கலாம், ஆனா கருவிழி வீங்கி பார்வை மங்கிரும். பட்டுச்சுன்னா நல்ல தண்ணில ரொம்ப நேரம் கழுவிட்டு நேரா டாக்டர்கிட்ட போயிரணும், நாளைக்குப் பார்த்துக்கலாம்னு இருக்கக் கூடாது. எங்க பள்ளித் தோட்டத்துல இலை பறிக்கிறது, கிளை வெட்டுறது எல்லாம் பெரியவங்க மட்டும், கையுறை போட்டு. பிள்ளைங்க பார்க்கலாம், எழுதலாம், வரையலாம், கடைசில சோப்பு போட்டு கை கழுவிட்டுத்தான் வகுப்புக்கு.

அந்தப் பாலுக்கே ஒரு பாடம் நடத்தலாம். குட்டிப் புழு முதல்ல முட்டை ஓட்டத் தின்னும், அப்புறம் இலைக்கு அடில வட்டமா கொஞ்சம் கொஞ்சமா கடிச்சு ஒரு வாய்க்கால் வெட்டும். பால் அந்தக் கோட்டுல ஒழுகி நின்னுரும், உள் வட்டத்துல பால் வராது, அதுக்கப்புறம் நிம்மதியா அந்த நடுவுல சாப்பிடும். இலைல பொட்டு பொட்டா வட்ட ஓட்டை இருந்தா திருப்பிப் பாருங்க, ஆள் இருக்கும். பெருசானதும் இலைக்காம்பையே கடிச்சு விட்டுரும், இலை தொங்கிரும், பால் வரத்து குறைஞ்சிரும். பால்ல இருக்கிற விஷத்த உடம்புல சேர்த்து வச்சுக்குது, அதனாலதான் பறவை ஒரு தடவ கொத்திட்டா அடுத்த தடவ அந்தப் பக்கமே வராது, புழுவும் வண்ணத்துப்பூச்சியும் மறைஞ்சுக்காம பளிச்சுன்னு கலர் காட்டிட்டு திரியுது.

எருக்கு விதை கேட்டீங்க. பூங்காவுல, ரோட்டோரத்துல இருக்கிற செடில இருந்து பறிக்காதீங்க, பூங்காச் செடிய அனுமதி இல்லாம பறிக்கிறது, வெட்டுறது சட்டப்படி குற்றம். சமூகத் தோட்டக்காரங்ககிட்ட கேட்டாலே போதும், கம்யூனிட்டி இன் புளூம் திட்டம் 2005ல ஆரம்பிச்சதுல இருந்து தீவு பூரா தோட்டம் இருக்கு, வண்ணத்துப்பூச்சிக்குன்னு எருக்கு வச்சிருக்கவங்க நிறைய. எருக்குல காய் எளிதா பிடிக்காது, மகரந்தம் தூளா இல்லாம மெழுகுப் பை மாதிரி இருக்கும், பெரிய கறுப்பு தச்சுத் தேனீ வந்து உக்காந்து காலுல மாட்டிக்கிட்டுப் போய் இன்னொரு பூவுல விட்டாத்தான் காய். அதனால காய் உள்ள வீட்டப் பார்த்தா விட்டுறாதீங்க.

அப்புறம் எருக்கும் பிளட் ஃபிளவரும் மட்டும் வச்சா ஒரே ஒரு வகை வண்ணத்துப்பூச்சிக்குத்தான் சோறு போடுற மாதிரி. சிங்கப்பூர்ல இயற்கையாவே வளர்ற கொடி ஒண்ணு இருக்கு, டைலோஃபோரா ஃபிளெக்சுவோசா, கடலோரம், சதுப்புநிலப் பக்கம் தானா படர்றது, எருக்குக் குடும்பம்தான், அதே மாதிரி காய், அதே மாதிரி பஞ்சு. புளூ கிளாஸி டைகர்னு கறுப்புல வெளிர் நீலம் கோடு போட்ட வண்ணத்துப்பூச்சி, அது முட்டை போடுறது இதுலதான். பூ சின்னதா இருக்கும், பார்வைக்கு ஒண்ணுமே இல்ல, அதனால யாரும் வைக்கிறதில்ல. உங்க ரெண்டு எருக்குக்கு நடுவுல ஒரு கம்பி வலை நிறுத்தி இத ஏத்தி விட்டா இடமும் பெருசா எடுக்காது. உள்ளூர்ச் செடின்னு மனசார சொல்லிக்கலாம்னா இதத்தான் சொல்லணும்.

கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு ரெண்டுல ஒண்ணும் ஓரத்துல இருக்கட்டும். இந்தக் குடும்பத்து ஆண் வண்ணத்துப்பூச்சிங்க அந்தச் செடில இருக்கிற ஒரு சத்துக்காக காஞ்ச தண்டையும் விடாம உறிஞ்சும், பெண்ண ஈர்க்கிற வாசனை அதுல இருந்துதான் செய்யுது. வாடிப் போன தேள்கொடுக்க பிடுங்கிப் போட்டுறாதீங்க, அப்படியே தலைகீழா கட்டித் தொங்க விடுங்க, வெயில் ஏறினதும் கூட்டமா வந்து மொய்க்கும்.

---

செங்காங் வாசி எழுதியது:

டீச்சர், அந்தக் கொடி பேர இப்பதான் முதல் தடவ கேள்விப்படுறேன். எங்க தோட்டத்துக்குப் பின்னால கம்பி வேலியே இருக்கு, அதுலயே ஏத்தலாம் போல.

மண்வாசம் மாமா, ஒரு கடைசிக் கேள்வி. நாத்து எவ்வளவு பெருசானதும் மண்ணுல வைக்கணும்? வச்ச உடனே வண்ணத்துப்பூச்சி வந்து முட்டை போட்டா சின்னச் செடி தாங்குமா?

---

மண்வாசம் ஏஎம்கே எழுதியது:

தாங்காதும்மா, அதான் முக்கியமான விஷயமே. நிறைய தோட்டத்துல நடக்கிறது இதுதான், ஆசையா ரெண்டு சின்னச் செடி வைப்பாங்க, வெந்தய வரியன் வாசனை பிடிச்சு எங்கிருந்தோ வந்து ஒவ்வொரு இலைக்கும் ஒண்ணுன்னு முட்டை போட்டுட்டுப் போயிரும், புழு பாதி வளர்றதுக்குள்ள இலை தீர்ந்துரும், அப்புறம் பசில தரையில ஊர்ந்து எறும்புக்கு இரையாகும். அதனால செடி தயாராகுற வரைக்கும் வலைக்குள்ள வச்சு வளருங்க. கொசுவலைத் துணியே போதும்.

கப்புல நாலு நிஜ இலை, அதாவது முதல்ல வர்ற அந்த ரெண்டு விதையிலைய சேர்க்காம, வந்ததும் மண்ணுக்கு மாத்திரலாம். எருக்க ரொம்ப நாள் கப்புல விடாதீங்க, வேர் சிக்கிக்கும். கப்ப பக்கவாட்டுல வெட்டி மண்ணோட மொத்தமா இறக்குங்க, வேர உதறக் கூடாது. குழிக்கு அடில கொஞ்சம் மணலும் உடைஞ்ச செங்கல்லும் போட்டு மண்ண சுத்தி இருக்கிறத விட மேடா வைங்க, டிசம்பர் ஜனவரி மழைல தண்ணி தேங்கினா எருக்கு வேர் அழுகிரும், வெயிலத் தாங்குற அளவுக்கு அது தேங்கின தண்ணிய தாங்காது. முடிஞ்சா அந்த மழை ஓய்ஞ்சு பிப்ரவரில நடுங்க.

முழங்கால் உயரத்துக்கு மேல வந்து பக்கக் கிளை விட்டதும் வலைய எடுத்திரலாம். அதுக்கப்புறமும் எல்லாச் செடியையும் ஒரே நேரத்துல திறக்க வேண்டாம், பாதிய மூடியே வைங்க. திறந்த செடி மொட்டையானதும் அத வெட்டி விட்டு மூடிட்டு, மூடியிருந்தத திறந்து விடுங்க, இலை தீர்ந்த புழுவ கைல பிடிக்காம அது உக்காந்திருக்கிற இலையோட வெட்டி புதுச் செடில வச்சிருங்க. முட்டைல இருந்து பறக்கிற வரைக்கும் நம்ம வெப்பத்துல மூணு வாரத்துக்குள்ள முடிஞ்சிரும், ஆனா மொட்டையான செடி திரும்ப தழைக்க அத விட நாள் ஆகும், அதனால எப்பவும் திங்கிற செடி ஒரு பங்கு இருந்தா ஓய்வுல இருக்கிற செடி ரெண்டு பங்கு வேணும்.

பிளட் ஃபிளவர மாசத்துக்கு ஒரு தடவ நல்லா வெட்டி விடுங்க, அது இங்க வருஷம் பூரா நிக்கும், பழைய இலை, புழுக் கழிவு எல்லாம் சேர்ந்துக்கிட்டே போகக் கூடாது. விதைக்கு வேண்டிய காய் தவிர மத்த காய முத்துறதுக்கு முன்னாடி பறிச்சிருங்க, பஞ்சு பறந்து போய் கண்ட இடத்துலயும் முளைச்சிடும்.

விதைக்கு அலையாதீங்க. எங்க தோட்டத்து எருக்குல இப்ப மூணு காய் உப்பிட்டு இருக்கு, பைய மாட்டி வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை காலைல தோட்டத்துல எல்லாரும் இருப்போம், எனக்கு தனி மெசேஜ் போடுங்க, இடத்தச் சொல்றேன். வரும்போது உயரமான கப்பு மட்டும் எடுத்துட்டு வாங்க, மகளையும் கூட்டிட்டு வாங்க, விதை உருவுறது எப்படின்னு கைல காட்டித் தர்றேன். டைலோஃபோரா எங்ககிட்ட இல்ல, டீச்சர் உங்ககிட்ட காய் இருந்தா எனக்கும் கொஞ்சம் விதை எடுத்து வைங்க, பதிலுக்கு எருக்கு விதை தர்றேன்.